கையில் சில எழுத்துகள்: அவை உள்ள ஆங்கிலச் சொற்களைத் தேட எந்த வழி யாருக்கு?

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போடுகிறவர்களும், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகையைச் சுற்றி உட்காருகிறவர்களும், பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டுத் தாள் தயாரிக்கும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னின்ன எழுத்துகள் உள்ள சொற்களைக் கண்டுபிடிக்க எந்த வழி நல்லது? பென்சிலை நம்புவதா, அகராதியைப் புரட்டுவதா, இணையத்தில் தட்டிப் பார்ப்பதா, கணினியில் நாமே தேடுவதா, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிடுவதா? நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு இந்த வழிகள் எல்லாவற்றிலும் பழக்கம் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்யாமலேயே தேடத் தொடங்குவதுதான் பலர் தடுமாறும் இடம் என்பது நான் கண்டது. ஆகவே அளவுகோல்களைச் சற்று விரிவாகவே முதலில் வைக்கிறேன். அவை தெளிந்துவிட்டால் வழியைத் தேர்வது எளிது.

ஒரு குறிப்பு: தமிழில் எழுதும்போது ‘டைகர்’ சொல்லின் முதலெழுத்தும் ‘டாக்டர்’ சொல்லின் முதலெழுத்தும் ஒரே ‘டி’ ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் எழுத்தாகக் குறிக்கப்படும் ‘டி’ அனைத்தும் டைகரின் டி.

## முதல் அளவுகோல்: ‘உள்ள’ என்றால் எப்படி உள்ள?

எஸ், டி, ஆர் ஆகிய மூன்று எழுத்துகளும் உள்ள சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றும் இதே வரிசையில், இடையில் வேறெதுவும் இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டுமானால் ‘ஸ்ட்ரீட்’ பொருந்தும். வரிசை மாறக் கூடாது, ஆனால் இடையில் வேறு எழுத்துகள் வரலாம் என்றால் ‘ஸ்டார்’, ‘சிஸ்டர்’ ஆகியவையும் சேரும். எந்த வரிசையில் எங்கே இருந்தாலும் போதும் என்றால் ‘ரெஸ்ட்’, ‘ஆர்டிஸ்ட்’ ஆகியவையும் உள்ளே வந்துவிடும். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் விடைப்பட்டியல் மூன்று விதமாக வேறுபடுகிறது.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. அதில் தரப்பட்ட எழுத்துகளைத் தவிர வேறெதுவும் சொல்லில் இருக்கக் கூடாது. ‘லிசன்’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டுமானால் அது எழுத்து மாற்றுப் புதிர். ‘சைலன்ட்’ ஒரு விடை. ஆறில் சிலவற்றை மட்டும் பயன்படுத்தினாலும் சரி என்றால் அது ஸ்கிராபிள் முறை. ‘நெஸ்ட்’, ‘லைன்’, ‘டின்’ எல்லாம் விடைகள். ஓர் எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றால் அது நியூயார்க் டைம்ஸ் வெளியிடும் ஸ்பெல்லிங் பீ புதிரின் முறை. அங்கே இரண்டு ‘என்’ எழுத்து தேவைப்படும் ‘டென்னிஸ்’ கூட விடையாகிவிடும். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டை ஆடுகிறவருக்கோ இன்னொரு தேவை இருக்கிறது. இந்த எழுத்து இந்த இடத்தில் உண்டு, அந்த எழுத்து உண்டு ஆனால் அந்த இடத்தில் இல்லை, மற்றவை அறவே இல்லை என்ற மூன்று வகை நிபந்தனைகளையும் சேர்த்துத் தேட வேண்டும்.

## இரண்டாம் அளவுகோல்: எந்தச் சொற்பட்டியல்?

தேடும் கருவி எதுவாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. விடையின் தரம் அந்தப் பட்டியலின் தரம்தான். வட அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் பெரும்பாலான ஆங்கில ஸ்கிராபிள் போட்டிகளில் காலின்ஸ் சொற்பட்டியல் பின்பற்றப்படுகிறது. 2019 பதிப்பில் அதில் 2,79,496 சொற்கள் இருந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடப்படும் பட்டியல் வேறு, அதைவிடச் சிறியது. அமெரிக்கப் பட்டியலை வைத்துப் பழகியவர் காலின்ஸ் போட்டிக்குப் போனால், எதிராளி வைக்கும் சரியான சொல்லைத் தவறு என்று எதிர்த்து ஏமாறுவார்.

வேர்டில் விளையாட்டில் பட்டியலே இரண்டு. தொடக்கத்தில் விடையாக வரக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 2,300 மட்டுமே. ஊகமாக ஏற்கப்படும் சொற்களோ பத்தாயிரத்துக்கும் மேல். இந்த வேறுபாடு தெரியாத தேடல் கருவி, விடையாக ஒருநாளும் வராத அரிய சொற்களை நம் முன் கொட்டும். எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். பள்ளியில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் கற்ற நமக்கு ‘ஃபேவர்’ என்பது யூ சேர்ந்த ஆறெழுத்துச் சொல். 2022 ஜனவரியில் அது யூ இல்லாமல் ஐந்தெழுத்து விடையாக வந்தபோது பிரிட்டனில் ஆடியவர்கள் முகம் சுளித்தார்கள்.

## மூன்றாம் அளவுகோல்: ஒரு விடை போதுமா, எல்லாம் வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பத்துச் சொற்களைத் தாளில் கொடுத்திருந்தேன். ஒன்று ‘லிசன்’. ஒரு மாணவி ‘சைலன்ட்’ என்று எழுதியிருந்தாள். என் விடைத்தாளில் இல்லாததால் தவறு என்று போட்டுவிட்டேன். மறுநாள் அவள் இரண்டு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எழுத்துக்கு எழுத்து கோடு போட்டு இணைத்துக் கொண்டுவந்து காட்டினாள். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அந்த ஆறு எழுத்துகளுக்கு ‘என்லிஸ்ட்’, ‘டின்சல்’, ‘இன்லெட்ஸ்’ என்று இன்னும் மூன்று விடைகள் இருப்பது அன்று மாலை தேடியபோதுதான் தெரிந்தது.

புதிர் போடுகிறவருக்கு ஒரு விடை கிடைத்தால் போதும். புதிரை அமைக்கிறவருக்கு எல்லா விடைகளும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டாலேயே சில வழிகள் தகுதி இழந்துவிடுகின்றன.

நேரம், செலவு, பழகிக்கொள்ள ஆகும் உழைப்பு, தேடி முடித்தபின் மனத்தில் என்ன தங்குகிறது என்பவற்றையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்ப்போம்.

## தாளும் பென்சிலும்

ஸ்கிராபிளை 1930களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான் 100 கட்டைகளைப் பிரித்தார். ஈ மட்டும் 12 கட்டைகள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு ஒற்றைப்புள்ளி எழுத்துகள் சேர்ந்து கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 வரிசைகளில் அடுக்கலாம். அத்தனையையும் மனத்தில் ஓட்ட முடியாது. முடிய வேண்டியதும் இல்லை.

எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு ஆங்கிலச் சொற்களின் வழக்கமான வால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கடைசியில் எஸ் என்று வைத்து அதை ஒதுக்கினால் மிஞ்சும் ஆறில் ‘ரெட்டினா’ தெரியும். அதையே கலைத்தால் ‘ரீடெயின்’. ஆக இரண்டு ஏழெழுத்துச் சொற்கள் கிடைத்துவிட்டன. ஈ, ஆர் என்ற வாலை ஒதுக்கினால் மிஞ்சுவது ‘ஸ்டெய்ன்’. அது ‘ஸ்டெய்னர்’ ஆகும். ஐ, ஈ, ஆர் என்ற வாலை ஒதுக்கினால் மிஞ்சும் நான்கு எழுத்துகளிலிருந்து ‘நாஸ்டியர்’ வரும். மூன்று நிமிடத்தில் நான்கு சொற்கள்.

இந்த வழியின் மறைவான செலவு, ஏற்கெனவே தெரிந்த சொற்களை மட்டுமே அது தரும் என்பது. அதே ஏழு எழுத்துகளில் கிரேக்க நாட்டு மது ஒன்றின் பெயரான ‘ரெட்சினா’ இருக்கிறது, கொழுப்புப் பொருளான ‘ஸ்டியரின்’ இருக்கிறது. அவற்றைக் கேள்விப்படாதவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவை வரப்போவதில்லை. எல்லா விடைகளும் வந்துவிட்டனவா என்று உறுதிசெய்யவும் வழியில்லை.

ஆனால் போட்டி மேசையில் இதைத் தவிர வேறு வழி அனுமதிக்கப்படாது. கற்றுக்கொள்வதே நோக்கம் என்றாலும் இதுதான் முதல் வழி. வாலைக் கழற்றிப் பார்க்கப் பழகிய மாணவன் எழுத்துக்கூட்டலில் தவறு செய்வது குறைவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

## அச்சு அகராதி

அகரவரிசை முதலெழுத்துக்காக அமைக்கப்பட்டது. சொல்லின் இறுதியில் எம், என் ஒட்டி வரும் சொற்கள் வேண்டும் என்றால், ‘காலம்’ (பத்தி), ‘ஆட்டம்’ (இலையுதிர் காலம்), ‘ஹிம்’ (துதிப்பாடல்) ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் கண்டுபிடிக்க முழு அகராதியையும் புரட்ட வேண்டியிருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் தெரிந்திருந்தால் மட்டும் இது விரைவான வழி.

இதற்கு விதிவிலக்கு, எழுத்து மாற்றுக்கென்றே அச்சிடப்படும் அகராதிகள். அவற்றில் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளும் அகரவரிசைப்படி அடுக்கப்பட்டு அதுவே தலைப்பாகும். ‘லிசன்’ என்பதை ஈ, ஐ, எல், என், எஸ், டி என்று அடுக்கிப் பார்த்தால், அந்தத் தலைப்பின்கீழ் ஐந்து சொற்களும் ஒன்றாக நிற்கும். கைபேசி அனுமதிக்கப்படாத வகுப்பறைக்கு இதைப் போன்ற துணை இல்லை. பழைய பதிப்பில் புதிய சொற்கள் இராது என்பதே குறை.

## இணையத் தேடல் தளங்களும் ஆப்களும்

பெரும்பாலானோர் முதலில் போவது இங்கேதான். எழுத்துகளைத் தட்டினால் நொடியில் பட்டியல் வந்துவிடும். ஆனால் முதல் அளவுகோலில் சொன்ன ஆறேழு பொருள்களில் எதை அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது என்பது பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருப்பது அரிது. ‘உள்ள’ என்ற பெட்டியில் தட்டும் எழுத்துகளைச் சில தளங்கள் ஒட்டி நிற்பவையாகவும், சில தளங்கள் சிதறி நிற்கலாம் என்றும் எடுத்துக்கொள்கின்றன.

இதைச் சோதிக்க எளிய உரைகல் ஒன்று வைத்திருக்கிறேன். எக்ஸ், ஒய், ஜி என்று தட்டுங்கள். ‘ஆக்சிஜன்’ குடும்பச் சொற்கள் மட்டும் வந்தால் அந்தத் தளம் ஒட்டி நிற்பவற்றை மட்டுமே தேடுகிறது. ‘கேலக்ஸி’யும் சேர்ந்து வந்தால் எந்த வரிசையிலும் தேடுகிறது. எதுவுமே வராமல் போனால், அது தரப்பட்ட எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் அமைக்கப் பார்க்கிறது என்று பொருள்.

மறைவான செலவுகள் பல. பட்டியல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லாத தளங்களில் அகராதிகள் கலந்து கிடக்கும். பொருள் தராத தளத்தில், வந்த சொல் உண்மையான சொல்தானா என்று வேறிடத்தில் பார்க்க வேண்டியிருக்கும். விளம்பரங்கள் பக்கத்தை நிறைக்கும். ஆப்கள் சொல் தேடுவதற்குத் தேவையே இல்லாத அனுமதிகளைக் கேட்டால் அவற்றை நிறுவாமல் இருப்பதே நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, தேடிய சொல் மனத்தில் தங்காதது. நேற்று அங்கே பார்த்த சொல்லை இன்று பலகையில் பார்க்கும்போது பலருக்கு நினைவு வருவதில்லை.

இவ்வகைத் தளங்களில் ஒன்லுக் தளத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் குறுக்கெழுத்துப் போடுகிறவருக்கு அது பல தளங்கள் தராத ஒன்றைத் தருகிறது. கேள்விக்குறி போட்டால் ஓர் எழுத்து, நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்தும் என்ற முறையில் கட்டங்களை அப்படியே தட்டலாம். அதோடு முக்காற்புள்ளி போட்டுப் பொருளையும் சேர்க்கலாம். மூன்றாம் எழுத்து எக்ஸ், மொத்தம் ஆறு எழுத்து, பொருள் துணியோடு தொடர்புடையது என்று எழுத்தையும் பொருளையும் ஒரே வரியில் கேட்க முடிவது பெரிய வசதி. பல அகராதிகளைச் சேர்த்துத் தேடுவதால் ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொடர்கள் எல்லாம் வந்துவிழும். குறுக்கெழுத்துக்கு அது நன்மை. ஸ்கிராபிளுக்கு அதே காரணத்தால் ஆகாது.

## கணினியில் நாமே தேடுவது

லினக்ஸ், மேக் கணினிகளில் கிரெப் என்ற கட்டளை உண்டு. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் எழுதியது. கோப்பில் வரிவரியாகத் தேடி, பொருந்தும் வரியை மட்டும் காட்டும். வரிக்கு ஒரு சொல் உள்ள கோப்பைக் கொடுத்துவிட்டால், க்யூ உள்ள சொற்களை எடு, அவற்றில் யூ உள்ளவற்றை நீக்கு என்று இரண்டு கட்டளைகளைக் கோத்து ‘ஃபக்கீர்’ போன்றவற்றைப் பிடித்துவிடலாம். வரிசை, இடம், இல்லாமை ஆகிய எல்லா நிபந்தனைகளையும் இப்படி அடுக்கடுக்காகச் சொல்ல முடிவதுதான் இதன் வலிமை.

இதன் மறைவான செலவு கற்றுக்கொள்ளும் நேரம் மட்டுமன்று. நிபந்தனையைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. தவறான பட்டியல் அமைதியாக வந்துவிடும். மூன்று இடங்களில் நானே சிக்கியிருக்கிறேன். முதலாவது இரட்டித்து வரும் எழுத்து: ‘ரிதம்’ சொல்லில் எச் இரண்டு முறை வருகிறது. எச் உள்ள சொற்களை எடு என்று இரண்டு முறை கட்டளையிட்டாலும் ஒரே ஓர் எச் உள்ள சொல்லும் தப்பி வந்துவிடும். இரண்டு எச் வேண்டும் என்பதை ஒரே நிபந்தனையில் சொல்ல வேண்டும். இரண்டாவது, விண்டோஸில் சேமித்த கோப்பு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டியிருப்பதால், இந்த எழுத்தில் முடியும் சொல் என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது. மூன்றாவது, மேக் கணினியோடு வரும் சொற்கோப்பு. அது 1934ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது; தலைச்சொற்கள் உண்டு, அவற்றின் பன்மையும் வினைத்திரிபும் பெரும்பாலும் இல்லை. ‘ரெட்டினா’ இருக்கும், எஸ் சேர்ந்த பன்மை இராது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றனவே என்று நம்பி இறங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். ஏனேபிள் என்ற பட்டியல் பொதுவுடைமையாக இலவசமாகக் கிடைக்கிறது. திரிபுகளும் உள்ள ஏறத்தாழ 1,70,000 சொற்கள். விளையாட்டுத் தாளுக்கு அது போதும்.

பைத்தான் நிரல்மொழி சிறிது தெரிந்தவர்கள் அச்சு எழுத்து மாற்று அகராதியின் உத்தியையே பத்து வரியில் எழுதிவிடலாம். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அடுக்கித் தலைப்பாக்கி, ஒரே தலைப்புள்ள சொற்களைச் சேர்த்துவைத்தால் முடிந்தது. அந்த மாணவியின் விடையைத் தவறாகத் திருத்திய பிறகு நான் எழுதியது இதைத்தான். தலைப்பின்கீழ் ஒரே சொல் உள்ளவற்றை மட்டும் இப்போது கலைத்துக் கொடுக்கிறேன். பல சொற்கள் உள்ள தலைப்புகளுக்கு எத்தனை விடை உண்டு என்பதைத் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு எக்செல் போதும். ஒரு தாளில் 10,48,576 வரிகள் இருப்பதால் இங்கே சொன்ன எந்தச் சொற்பட்டியலும் அடங்கிவிடும். ஓர் எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண, சொல்லின் நீளத்திலிருந்து அந்த எழுத்தை நீக்கியபின் உள்ள நீளத்தைக் கழிக்கும் சூத்திரத்தைப் பக்கத்து நிரலில் போட்டு வடிகட்டலாம். பெரிய பட்டியலில் கணினி சற்றுத் திணறும், அவ்வளவுதான்.

## செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது

சாட்ஜிபிடி போன்றவை எழுத்துகளை நம்மைப்போல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. சொல்லைத் துண்டுகளாக உடைத்து, அந்தத் துண்டுகளையே ஓர் அலகாகக் கையாள்கின்றன. அதனால்தான் ‘ஸ்ட்ராபெரி’ சொல்லில் ஆர் எத்தனை என்று கேட்டபோது மூன்றுக்குப் பதில் இரண்டு என்று சொன்ன விடைகள் 2024இல் பரவலாகப் பேசப்பட்டன. இன்னின்ன எழுத்துகள் உள்ள இருபது சொல் கொடு என்று கேட்டால், நிபந்தனைக்குப் பொருந்தாத சொற்களும் உறுதியான குரலில் கலந்து வரக்கூடும். ஒவ்வொன்றையும் நாமே எழுத்தெண்ணிச் சரிபார்க்க வேண்டுமானால் மிச்சமான நேரம் எங்கே?

இரண்டு வேலைகளுக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்கிறேன். மேலே சொன்ன பத்துவரி நிரலை எழுதச் சொல்லலாம்; சொற்பட்டியலில் நிரல் தேடும்போது எழுத்து எண்ணும் பிழை வர இடமில்லை. கிடைத்த சொற்களின் பொருளையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் மாணவர் நிலைக்கு ஏற்ப எழுதித் தரச் சொல்லலாம்.

## யாருக்கு எது

| தேவை | முதல் தேர்வு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| ஸ்கிராபிள் பயிற்சி | முதலில் பென்சில், பிறகு காலின்ஸ் பட்டியல் உள்ள தளம் | அமெரிக்கப் பட்டியலா என்று பார்க்கவும் |
| குறுக்கெழுத்து | ஒன்லுக் | பெயர்ச்சொற்களும் கலந்து வரும் |
| வேர்டில் | பென்சில். முடியாதபோது ஒன்லுக் | அரிய சொற்களை ஒதுக்கவும் |
| வகுப்புக்குப் புதிர் அமைத்தல் | பைத்தான் அல்லது எக்செல் | பன்மையும் திரிபும் பட்டியலில் உள்ளனவா |
| கைபேசி இல்லாத வகுப்பறை | அச்சு எழுத்து மாற்று அகராதி | பதிப்பு ஆண்டு |

அட்டவணையில் ஸ்கிராபிளுக்கு இரண்டு வழிகளைச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் உண்டு. எந்த எழுத்தாகவும் கொள்ளக்கூடிய வெற்றுக்கட்டை ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதற்கு 26 எழுத்துகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். பென்சிலால் அது முடிகிற காரியமில்லை. ஆனால் முதலிலேயே தளத்தைத் திறந்தால் தேடும் பழக்கமே வராது. ஆட்டம் முடிந்ததும், ஒவ்வொரு முறையும் கையில் இருந்த ஏழு எழுத்துகளைக் குறித்துவைத்த தாளை எடுத்து, பத்து நிமிடம் நாமே முயன்றுவிட்டு, அதன்பிறகு தளத்தில் தட்டித் தவறவிட்ட சொற்களை மட்டும் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நான் கண்ட நல்ல முறை. ‘ரெட்சினா’வை நான் கற்றது அப்படித்தான், அதற்குப் பிறகு அந்த ஏழு எழுத்துகள் வந்தபோதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொல்லாக இருக்கிறது.